தாரும் சேறும் மணலும்

ஓர் ஊரை அறிய விரும்புவோர் அதன் கோயிலையும் சந்தையையும் பார்க்க வேண்டும் என்பது மூத்தோர் வாக்கு. எமது வடபுலத்தை அறிய விரும்புவோர் அதன் வீதிகளையும் பார்க்க வேண்டும் என்று நாம் சேர்த்துக் கூறுவோம். காலையில் யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு, ஆனையிறவைக் கடந்து, வன்னிக்குள் புகுந்து, பூநகரி வழியாக மாலையில் வீடு திரும்பும் ஒருவர், ஒரே நாளில் வழுவழுப்பான காப்பெட் வீதியையும், செந்நிறக் கிரவல் வீதியையும், வயற்சேற்றையும், கடற்கரை மணலையும் கண்டுவிடலாம். சிறியதொரு வட்டத்துள் இத்தனை வகை நிலம் அமைந்திருப்பது இயற்கையின் கொடை. அவ்வளவு நிலத்தையும் ஒரே வண்டியில் கடக்க வேண்டியிருப்பது எம் போன்றோரின் தலையெழுத்து.

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நாம் குடும்பத்தோடு அத்தகைய பயணம் ஒன்றை மேற்கொண்டோம். மண்ணித்தலைச் சிவாலயத்தைப் பார்த்து வருவதே பயணத்தின் நோக்கம் என்று வீட்டாரிடம் கூறியிருந்தோம். எமக்குள் வேறொரு நோக்கமும் இருந்தது. அதற்கு முந்திய வாரந்தான் எமது கெப் வண்டிக்குப் புதிய ரயர்கள் பூட்டியிருந்தோம். இரண்டு முறை தவறாகத் தேர்ந்து, இரண்டு முறையும் பிறர் உயிருக்குத் தீங்கு நேர்ந்துவிடுமோ என்று நடுங்கிய பின்னர், மூன்றாம் முறையாகத் தேர்ந்த ரயர்கள் அவை. அவற்றை எல்லா நிலத்திலும் ஓட்டிப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ள விரும்பினோம்.

கணக்கும் கமமும்

நாம் குடியிருப்பது கோண்டாவிலில். கற்பிப்பது கிளிநொச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில். போவதற்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர், வருவதற்கும் அவ்வளவே. ஆண்டுக்கு 200 பாடசாலை நாட்கள் எனக் கொண்டால் 26,000 கிலோமீற்றர் ஆகின்றது. அவ்வளவும் ஏ9 பெருவீதியின் காப்பெட் மீது ஓடும் ஓட்டம்.

அக்கராயனுக்கு அப்பால் எமது துணைவியாரின் சீதனமாக வந்த நாலு ஏக்கர் வயல் உண்டு. விதைநெல்லும் பசளையும் ஏற்றிச் செல்லவும், அறுவடையான மூட்டைகளைக் கொண்டுவரவும், சைக்கிளோ சிறிய காரோ உதவா. ஆதலின் கெப் வண்டி வாங்கினோம். வாகன இறக்குமதி 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு 2025 ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, பழைய வண்டிகளும் பொன்விலை விற்ற காலம் அது. எமது கைக்கு எட்டியது வயது முதிர்ந்த யப்பானிய வண்டி ஒன்றே. நான்கு சில்லுகளும் ஒருங்கே இழுக்கும் வசதி அதற்கு உண்டு.

வயலுக்குச் செல்லும் வழியின் கடைசி மூன்று கிலோமீற்றர் வாய்க்கால் ஓரமாகச் செல்லும் களிமண் பாதை. கோடையில் அது கல்லாக இறுகும். மாரியில் கூழாகக் குழையும். ஆண்டில் ஐம்பது முறை போய் வருகின்றோம் என்றால், அங்கே ஓடும் தூரம் 300 கிலோமீற்றர். 26,000 கிலோமீற்றர் ஒரு பக்கம். 300 கிலோமீற்றர் மறு பக்கம். நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட தூரத்துக்காக எவராவது ரயர் தேர்வாரா? வீதிக்கு ஏற்ற ரயரே போதும் என்பது கணக்கின் தீர்ப்பு. நாமும் அத்தீர்ப்பை ஏற்று, வரிகள் நெருங்கிய, ஓசையின்றி உருளும் ரயர்களையே பூட்டினோம்.

இரு தவறுகள்

2023 ஆம் ஆண்டுக் கார்த்திகை மாதம். ஒரு வாரமாக விடாத மழை. வயலைப் பார்க்கும் அண்ணையின் மகனை, பொழுது சாயும் வேளையில், வரம்போரத்தில் புடையன் தீண்டிவிட்டது. பத்தொன்பது வயதுப் பிள்ளை. நாம் அன்று தற்செயலாக அங்கே நின்றோம். பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அரைக் கிலோமீற்றர் போவதற்குள் வண்டி சேற்றில் அமர்ந்துவிட்டது. ரயரின் நெருங்கிய வரிகளுக்குள் களி அடைந்து, நான்கும் மொட்டை ரயர்களாகி, நின்ற இடத்திலேயே சுழன்றன. நாம் விசையை அழுத்த அழுத்தச் சில்லு தனக்குத் தானே குழி தோண்டிற்று.

அயல் வயலிலிருந்து உழவு இயந்திரம் வந்து இழுத்து எடுப்பதற்கு அரை மணித்தியாலம் சென்றது. அந்த அரை மணித்தியாலத்தில் பிள்ளையின் கால் வீங்கியதையும், தாயார் வாய்விட்டு முறிகண்டிப் பிள்ளையாரை அழைத்ததையும் நாம் மறக்கமாட்டோம். கிளிநொச்சி மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பத்து நாட்களின் பின் பிள்ளை நடந்து வீடு வந்தான். அண்ணை எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

குற்றவுணர்வு நல்ல ஆலோசகன் அன்று. அடுத்த சம்பளத்துக்குக் காத்திராது கடன் பட்டு, சேற்றுக்கென்றே செய்யப்பட்ட ரயர்களை வாங்கினோம். கையளவு கட்டிகளும் அவற்றினிடையே அகன்ற பள்ளங்களும் கொண்ட முரட்டு ரயர்கள் அவை. வயற்பாதையில் அவை எருமை போல நடந்தன. ஏ9 வீதியிலோ தேனீக்கூட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போவது போன்ற இரைச்சல். டீசலும் முன்னிலும் கூடுதலாகச் செலவாயிற்று. இவற்றையெல்லாம் வயலுக்குச் செலுத்தும் வரியென எண்ணிப் பொறுத்துக்கொண்டோம்.

அடுத்த சித்திரையில், நெடுநாள் வெயிலின் பின் முதல் மழை தூறிய காலை. எழுதுமட்டுவாளுக்கு அருகில், மழைக்கு ஒதுங்க விரைந்த சிறுவன் ஒருவன் சைக்கிளோடு வீதியைக் குறுக்கே கடந்தான். நாம் தடையை மிதித்தோம். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே சென்றது. சிறுவன் கடந்து முடித்த இடத்தைத் தாண்டி ஆறேழு அடி போன பின்னரே நின்றது. ஒரு கணம் அவன் பிந்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எழுதக் கை கூசுகின்றது. அவன் எம்மைத் திரும்பியும் பாராது போய்விட்டான். நாம் வீதியோரத்தில் வண்டியை நிறுத்தி, கை நடுக்கம் அடங்கும் வரை இருந்தோம். அன்று கல்லூரியில் முதற் பாடவேளைக்கு நாம் போகவில்லை.

ரயர்க் கடையில்

எமது கணக்கில் தவறு இல்லை. கணக்கைப் போட்ட முறையிலேதான் தவறு என்பதைப் பின்னரே உணர்ந்தோம். 26,000 கிலோமீற்றரிலும் ஓர் உயிர் உண்டு. 300 கிலோமீற்றரிலும் ஓர் உயிர் உண்டு. தூரத்தை எண்ணிப் பார்த்து ஒன்றை மற்றொன்றுக்கு விற்றுவிட முடியாது.

யாழ்ப்பாண நகரத்தில் நாற்பது ஆண்டுகளாக ரயர் விற்கும் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். நாம் வாய் திறக்கு முன்னரே அவர் கேட்டார்: "மாஸ்ரர், முதல்ல எந்த றோட்டில எவ்வளவு தூரம் ஓடுறியள் எண்டு சொல்லுங்கோ. பிறகு ரயரைப் பற்றிக் கதைப்பம்." நாம் நடந்தவற்றையெல்லாம் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "வீதியில நிக்கிறதுக்கும் சேத்தில போறதுக்கும் ஒரே ரயர் முழுசாக் கிடையாது. ரெண்டிலயும் முக்கால்வாசி தாற ரயர் இருக்கு. மிச்சக் கால்வாசிக்கு நீங்கள்தான் பொறுப்பு" என்றார். கல்லூரியில் நாம் கற்பிக்கும் பல பாடங்களிலும் இது தெளிவான பாடம்.

அவர் விளக்கியவற்றை வாசகர்களுக்கும் பயன்படுமென இங்கே தருகின்றோம். இத்தகைய வண்டிகளுக்கு மூவகை ரயர்கள் உண்டு. பெருவீதிக்கான ரயர், எச்.ரி. என்ற எழுத்துகளால் குறிக்கப்படும். சேற்றுக்கான ரயர் எம்.ரி. எனப்படும். இடைப்பட்டது ஏ.ரி., அஃதாவது எல்லா நிலத்துக்குமான ரயர். ஈரவீதியில் ரயரின் வேலை, தனக்கும் தாருக்கும் இடையிலுள்ள நீரை வரிப்பள்ளங்களின் வழியே வெளியேற்றி, இறப்பரைத் தாரோடு சேர்ப்பது. கட்டிகளின் மேல் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் இருந்தால் அவை நீர்ப்படலத்தை வெட்டிப் பிடி கொடுக்கும். சேற்று ரயரில் கட்டிகள் பெரியவை. மெல்லிய வெட்டுகள் குறைவு. நிலத்தைத் தொடும் இறப்பரும் குறைவு. ஆகவே ஈரத்தாரில் அது எளிதில் வழுக்கும். சேற்றிலோ நிலைமை மாறிவிடுகின்றது. அங்கே வேண்டுவது, அடைந்த களியைச் சுழற்சியில் உதறி எறியும் அகன்ற பள்ளம். ஏ.ரி. ரயரில் நடுப்பகுதி நெருங்கிய கட்டிகளாகவும், தோட்பகுதி அகன்ற பள்ளங்களாகவும் அமைந்து இரு வேலைகளையும் பங்கிட்டுக்கொள்கின்றன.

ரயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பதையும் வாசிக்கக் கற்றுக்கொண்டோம். எமது வண்டியின் ரயரில் 265/65 ஆர் 17 112 எஸ் என்று உள்ளது. 265 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. ஆர் என்பது றேடியல் முறையில் நார்கள் இடப்பட்டிருப்பதைக் காட்டும். 17 அங்குலம் சில்லின் விட்டம். 112 என்பது ஒரு ரயர் தாங்கக்கூடிய சுமையின் குறியீடு. 1,120 கிலோகிராம் என்று பொருள். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வரையான வேக எல்லை. நெல் மூட்டை ஏற்றுபவர் சுமைக் குறியீடு குறைந்த ரயரை மலிவென்று வாங்கலாகாது. அழகுக்காகப் பெரிய ரயர் பூட்டுவோரும் உளர். அப்படிப் பூட்டினால் வேகமானி உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டும். தடைக்கும் எஞ்சினுக்கும் வேலை கூடும்.

மற்றொரு கடையில் இதே அளவு ரயர் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. மினுமினுவென்று புதிதாகவே இருந்தது. பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருந்தன: 0818. அதனை வாசிக்கும் வழியைப் பெரியவர் முன்னரே சொல்லித் தந்திருந்தார். முதல் இரண்டும் வாரம். கடைசி இரண்டும் ஆண்டு. 2018 ஆம் ஆண்டின் எட்டாம் வாரத்தில் வார்க்கப்பட்ட ரயர் அது. இறப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடையும், இறுகும், நுண்ணிய வெடிப்புக் காணும். எமது வெயிலில் அம்முதுமை விரைந்தே வரும். மலிவை விட்டு மீண்டோம்.

முடிவில் ஐந்து ஏ.ரி. ரயர்கள் வாங்கினோம். நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டியில் நான்கும் ஒரே அளவாகவும் ஏறத்தாழ ஒரே தேய்வாகவும் இருத்தல் வேண்டும். இல்லையேல் இழுவையைப் பகிரும் பற்சில்லுகள் ஒன்றோடொன்று பொருதும். ஐந்தாவது, மேலதிகச் சில்லுக்கு. காட்டுவழியில் காற்றுப் போனால் பொருந்தாத மேலதிகச் சில்லு இருந்தும் இல்லாததே. விலையோ எமது சில மாதச் சம்பளத்தை விழுங்கிற்று. துணைவியாரின் காப்பு ஒன்று அடகுக் கடைக்குப் போயிற்று. "அறுவடைக்கு மீட்கலாம், ஆளை மீட்க ஏலாது" என்று அவரே கழற்றித் தந்தார்.

முறிகண்டி வரை

ஞாயிறு விடியற்காலையில் புறப்பட்டோம். வண்டியில் துணைவியாரும், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளும், எமது மாமனாரும் இருந்தனர். சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று தென்மராட்சியின் தென்னஞ்சோலைகளும் பனங்கூடல்களும் பின்னோக்கி ஓடின. இரைச்சல் சற்றே இருந்தது. தேனீக்கூடு தும்பியாகக் குறைந்துவிட்டது எனலாம்.

முகமாலையைக் கடக்கும்போது மாமனார் கண்ணை மூடிக்கொள்வார். போர்க்காலத்தில் இருதரப்பு முன்னரங்குகளும் எதிரெதிரே நின்ற நிலம் அது. 2006 ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஏ9 வீதி, 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னரே மீண்டும் மக்கள் போக்குவரவுக்குத் திறந்தது. வெடிபொருள் அகற்றுவோர் பல ஆண்டுகளாக அங்கே மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி வந்தனர். வன்னியில் வீதியை விட்டு இறங்கி ஓட்ட விரும்பும் இளைஞருக்கு நாம் சொல்வது இதுதான்: ஊரவர் நாளாந்தம் நடமாடும் பாதையை விட்டு எந்த ரயரோடும் விலகாதீர்கள்.

ஆனையிறவில் வானம் திடீரென அகன்றது. இரு புறமும் நீரேரி. தூரத்தே பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. மகள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வீதியோரத்துச் சேறு கால் வைத்தால் கணுக்கால் வரை உள்வாங்கும் உவர்ச்சேறு. அதற்கு எந்த ரயரும் மருந்தன்று. நாம் தாரிலேயே நின்று பறவைகளைப் பார்த்தோம்.

பரந்தனையும் கிளிநொச்சியையும் கடந்து முறிகண்டிப் பிள்ளையாரை அடைந்தோம். ஏ9 வழியே செல்லும் வண்டிகள் இங்கே நின்று தேங்காய் உடைத்துப் போவது நெடுநாள் வழக்கம். புதிய ரயருக்குப் பூசை செய்ய வேண்டும் என்று மாமனார் ஒரு தேங்காயைச் சில்லின் முன்னே உடைத்தார். மகள் சுடச்சுடக் கச்சான் வாங்கினாள். முறிகண்டிக் கச்சான் இல்லாத வன்னிப் பயணம் நிறைவுறாது என்பது எம்மவர் அனைவரும் ஒப்பிய உண்மை.

வயற்பாதை

முறிகண்டியில் மேற்கே திரும்பினால் அக்கராயனுக்கு வழி. காடும் கமமும் மாறி மாறி வந்தன. கிரவல் துண்டுகளில் வண்டி ஓடும்போது சிறு கற்கள் அடியில் தெறித்தன. இத்தகைய வீதியில் மென்சுவர் ரயர் பக்கவாட்டில் கிழிந்துபோதல் உண்டு. பக்கச் சுவரில் விழும் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு ஓடுவது ஆபத்து.

காலபோக நெல் கதிர் முற்றித் தலை சாய்த்திருந்தது. வாய்க்கால் பாதையின் தலைப்பில் அண்ணையும் மகனும் காத்து நின்றனர். முந்திய இரவு பெய்த மழையால் பாதை பளபளத்தது. பிள்ளை முன்னே வந்து, ரயரின் தோட்பள்ளத்துள் விரலை விட்டு அளந்து பார்த்தான். "இது இறங்காதோ, மாஸ்ரர்?" என்று கேட்டான். அவன் கேட்ட தொனியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எமக்குத்தான் தொண்டை அடைத்தது.

"இறங்கலாம். இறங்கும் முன்னம் நிண்டு பாப்பம்" என்றோம்.

நான்கு சில்லுகளையும் இழுவையில் இட்டு, இரண்டாம் கியரில், விசையை ஏற்றாமலும் இறக்காமலும் ஊர்ந்தோம். முன்பு வண்டி அமர்ந்த அதே இடத்தில் பின்பக்கம் சற்று வழுக்கி, பின் நேரானது. களி பள்ளங்களில் ஏறியது. சில சுற்றில் உதிர்ந்தது. மூன்று கிலோமீற்றரும் கடந்தோம். வாய்க்கால் உடைத்துப் பாய்ந்த ஒரு குழியருகில் மட்டும் பிள்ளை கை காட்டி நிறுத்தினான். சேற்று ரயர் அதைத் தாண்டியிருக்கும். இது தாண்டுமா என்பது ஐயம். கிளைகளை வெட்டிக் குழிக்குள் பரப்பி அதன் மேல் ஓட்டினோம். பெரியவர் சொன்ன மிச்சக் கால்வாசி இதுவே போலும்.

அண்ணையின் வீட்டில் தேநீர் குடிக்கும்போது பேச்சு இறப்பரைப் பற்றித் திரும்பிற்று. மாமனார் தம் தந்தையாரின் மாட்டு வண்டிலை நினைவுகூர்ந்தார். மரச்சில்லுக்கு இரும்புப் பட்டத்தைப் பழுக்கக் காய்ச்சிப் பூட்டி, நீரூற்றி இறுக்குவார்களாம். அது சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கும். இறங்கினால் மாடுதான் கதி. காற்றடைத்த ரயரை 1845 ஆம் ஆண்டிலேயே இசுக்கொத்லாந்தவராகிய தொம்சன் கண்டுபிடித்தார். உலகம் அதனை மறந்தது. 1888 ஆம் ஆண்டில் டன்லொப் என்னும் மிருக வைத்தியர், தம் மகனுடைய முச்சக்கர வண்டி மெத்தென ஓட வேண்டுமென்று மீண்டும் அதனைச் செய்தார். அதற்கு வேண்டிய இறப்பர், 1876 ஆம் ஆண்டிலேயே எமது தீவுக்குக் கன்றாக வந்துவிட்டது. பிரேசில் விதைகளிலிருந்து இலண்டன் கியூப் பூங்காவில் முளைத்த கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. 1952 ஆம் ஆண்டில் சீனத்தோடு செய்த ஒப்பந்தத்தால் அந்த இறப்பர் எமக்கு அரிசியாகத் திரும்பி வந்தது. இன்று அரிசி விளையும் வயலுக்குப் போக இறப்பர் வேண்டியிருக்கின்றது என்று மகள் கூறியதும் எல்லோரும் சிரித்தோம்.

பூநகரி மணல்

ஜெயபுரம் வழியாகப் பல்லவராயன்கட்டில் ஏ32 வீதியை அடைந்து வடக்கே திரும்பினோம். பூநகரி என்றதும் மொட்டைக்கறுப்பன் அரிசி நினைவுக்கு வரும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கையாண்ட கோட்டையின் சிதைவும் நினைவுக்கு வரும். அங்கிருந்து மேற்கே, கடலுக்கும் நீரேரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்கரை கௌதாரிமுனை. அதன் நுனிப்புறத்தே மண்ணித்தலை.

வீதி தேய்ந்து தேய்ந்து மணலாகிய இடத்தில் வண்டியை நிறுத்திக் காற்றை இறக்கினோம். எமது வண்டியில் வீதிக்கு 30 இறாத்தல் அமுக்கம். மணலுக்கு 18 ஆக்கினோம். காற்றுக் குறைந்த ரயர் நீள்வாக்கில் தட்டையாகி அகன்ற பாதமாகும். ஒட்டகத்தின் பாதமும் அவ்வாறே அன்றோ! மேலும் குறைத்தால் திரும்பும்போது ரயர் சில்லிலிருந்து கழன்றுவிடக்கூடும். திடீரென முடுக்காமலும் தடை போடாமலும், பழைய சில்லுத் தடத்திலேயே ஓட்டினோம். வண்டி படகு போல அசைந்து சென்றது.

மேடுகளில் இராவணன் மீசை முட்பந்துகள் உருண்டன. அடம்பன் கொடி பின்னிப் படர்ந்திருந்தது. மணல்மேட்டின் மீது ஏறி விளையாட எமது வண்டியால் முடியும். ஆனால் அக்கொடியே மணலைப் பிடித்து வைத்திருக்கின்றது. மணலே கடலைத் தடுத்து நிற்கின்றது. கொடி அறுந்த மேட்டைக் காற்றுக் கொண்டுபோய்விடும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது எம் ஊர்ப் பழமொழி. ரயரின் உள்ளே ஒடுகின்ற மெல்லிய நார்களும் அதே வழியில்தான் ஆயிரம் கிலோ சுமையைத் தாங்குகின்றன. ஏறக்கூடிய இடமெல்லாம் ஏறுவது ஓட்டுநனின் திறமை அன்று என்று மகளுக்குச் சொன்னோம்.

கடைசித் தூரத்தை நடந்தே கடந்தோம். சோழர் காலச் சாயல் கொண்டதெனக் கூறப்படும் சிறு சிவாலயம், சிதைந்த நிலையில், பற்றைகளின் நடுவே தனித்து நின்றது. பூசையில்லை, மணியோசையில்லை. கடற்காற்று மட்டும் கருவறைக்குள் புகுந்து வெளியேறிற்று. மாமனார் கொண்டுவந்த கற்பூரத்தை ஏற்றினார். நாம் சற்று நேரம் மௌனமாயிருந்தோம். நீரேரிக்கு அப்பால் யாழ்ப்பாணக் கரை மங்கலாகத் தெரிந்தது.

திரும்பும் வழியில்

மணல் முடிந்த இடத்தில், வண்டியின் மின்கலத்தில் இயங்கும் சிறு பம்பியால் மீண்டும் 30 இறாத்தலுக்குக் காற்றடைத்தோம். இதற்கு அரை மணித்தியாலம் சென்றது, மகள் சலித்துக்கொண்டாள். காற்றுக் குறைந்த ரயரோடு பெருவீதியில் விரைந்தால் பக்கச் சுவர் ஓயாது மடிந்து மடிந்து சூடேறும். சூடேறிய ரயர் வெடிக்கும். மணலில் உயிர் காத்தது வீதியில் உயிர் குடிக்கும்.

முன்னாளில் பாதையில் ஏறிக் கடந்த சங்குப்பிட்டியை, 2011 ஆம் ஆண்டில் திறந்த பாலத்தின் மேல் ஒரு நிமிடத்துள் கடந்தோம். கேரதீவும் தனங்கிளப்பும் தாண்டி நாவற்குழிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. அப்பாலத்தில் மாமனார், "நில்லுங்கோ மருமோன்" என்றார். நிறுத்தினோம்.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி 30 இரவு, வலிகாமமே பெயர்ந்து இவ்வழியால் நடந்தது. எமக்கு அப்போது பதினைந்து வயது. ரயர் கிடைப்பதரிதான காலம். வெடித்த சைக்கிள் ரயரை எமது தந்தையார் நைலோன் நூலால் தைத்து, உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து ஓட்டினார். அச்சைக்கிளின் பின்னால் பாட்டியார். சட்டத்தில் அரிசிப் பை. மழையில், இலட்சக்கணக்கானோரின் நடுவே, அடி அடியாக உருட்டினோம். அன்று அந்தத் தையல் பிரியவில்லை. கொடிகாமத்தை அடைந்த பின்னரே பிரிந்தது. எவ்வகை ரயர் நல்லது என்று அன்று எவரும் எம்மிடம் கேட்கவில்லை, இருந்ததை ஓட்டினோம். தெரிந்தெடுக்கும் வசதி இன்று எமக்கு வாய்த்திருக்கின்றது. வசதி வாய்த்தவன் கவனமாகத் தெரிதல் கடமை.

இனிச் சில பழக்கங்களைக் கைக்கொண்டுள்ளோம். வாரத்தில் ஒரு காலை, ரயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்கின்றோம். 10,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை முன் சில்லுகளையும் பின் சில்லுகளையும் மாற்றிப் பூட்டுவதாக இருக்கின்றோம். வரிப்பள்ளத்தின் அடியில் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கும் தேய்வுக்குறி வெளித்தெரியும் வரை காத்திருக்கப்போவதில்லை. மாரி தொடங்குமுன்னரே பார்த்து மாற்றுவோம். அறுவடை முடிந்து காப்பும் மீண்டுவிட்டது.

எழுதுமட்டுவாளில் அச்சிறுவனை இன்னும் காலை வேளைகளில் காண்கின்றோம். சற்று உயர்ந்துவிட்டான், சைக்கிள் அதேதான். எம்மை அவன் அறியான். புதிய ரயர் ஈரத்தில் நன்றாகவே பிடிக்கின்றது. ஆயினும் அவ்விடம் வந்ததும் எமது கால் தானாகவே விசையை விட்டு எழுகின்றது.